மருந்து வேளை

கருவேலங்குடியில் மாலை ஆறு மணியை அறிய யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. அரிசி மில் முதலாளி ரத்தினவேல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினால் ஆறு மணி. அவருக்கு அது மருந்து வேளை.

மருந்து என்றுதான் ஊர் மரியாதையாகச் சொல்லும். நெஞ்சுவலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்து, சர்க்கார் பெர்மிட் போட்டு, திருச்சியிலிருந்து வைக்கோல் சுற்றிய புட்டிகளில் மாதந்தவறாமல் வந்து இறங்கும் பிராந்தி அது. மதுவிலக்கு வந்ததும் ஊரில் பனையேறிகள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். குடித்துப் பழகியவர்கள் போலீஸுக்குப் பயந்து இருட்டில் குடித்தார்கள். ரத்தினவேலுக்கு நெஞ்சுவலி வந்தது. அது வந்த அதே வருஷத்தில்தான் தாலுகா மதுவிலக்குக் கமிட்டியில் அங்கத்தினர் பதவியும் வந்தது. இரண்டையும் ஒரே கதர்ச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தார் மனிதர்.

ஆகவே, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிகிற அன்று பிள்ளைகளுக்கு மது வாடையே இல்லாத ஓர் இரவு விழா நடத்தவேண்டும் என்று ஹைஸ்கூல் டீச்சர் ஞானசெல்வி யோசனை சொன்னபோது, அதற்கான கமிட்டிக்குத் தலைவர் யார் என்பதில் ஊரில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞானசெல்விக்கு மட்டும் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டாள். பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் பெரிய அண்டாக்களும் மில்லில்தான் இருந்தன.

அந்த ஓர் இரவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. போன வருஷம் அதே இரவில், அவள் தம்பி மரிய அந்தோணி பரீட்சை எழுதி முடித்த கையோடு கூட்டாளிகளுடன் பனந்தோப்புக்குப் போனான். ஏதோ ஒரு பெரிய வீட்டிலிருந்து ஒரு புட்டி நல்ல சரக்கு வந்திருந்தது. அது தீர்ந்தும் பையன்களுக்கு ஆசை தீரவில்லை. மேஜை நாற்காலிக்குப் பாலீஷ் போடுகிற ஸ்பிரிட்டில் தண்ணீரைக் கலந்து எவனோ கொண்டுவந்து விற்றான். மற்றவர்கள் வாந்தி எடுத்துப் பிழைத்தார்கள். ஆவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அவள் குடும்பத்தின் ஒரே ஆண்பிள்ளையான மரிய அந்தோணி மட்டும் இரண்டு கண்ணையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

இந்த வருஷம் அந்த இரவு முழுக்கப் பையன்களை விளக்கு வெளிச்சத்தில், சாப்பாடு, சடுகுடு, நாடகம் என்று விடியும்வரை பள்ளிக்கூடத்திலேயே பிடித்துவைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கமிட்டி ஹெட்மாஸ்டர் அறையில் கூடியது. தலைவர் ரத்தினவேல், ஹெட்மாஸ்டர், ரோட்டோரத்தில் சோடாக் கடை வைத்திருந்த சேவுகன், ஞானசெல்வி. மேஜைமேல் வெற்றிலைத் தட்டு. ஓர் ஊரின் ஒழுக்கத்தைக் காப்பாற்ற வேறென்ன வேண்டும்?

"மொதல்ல குடிக்கிற விஷயம்" என்று ஆரம்பித்தார் ரத்தினவேல். "சோடா வேணாம்."

சேவுகன் எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்தான். "ஏங்க? கோலி சோடாவுல என்னங்க இருக்கு? தண்ணியும் காத்துந்தானங்க!"

"இருக்கிறது வேற, பாக்குறவன் கண்ணுக்குத் தெரியிறது வேற. ராத்திரியில புட்டியப் பிடிச்சு அண்ணாந்துக்கிட்டு ஒருத்தன் நின்னா ரோட்டுல போறவன் என்ன நெனைப்பான்?"

இவரைப் பார்த்து எவனும் எதுவும் நினைக்க முடியாது, இவர் தம்ளரில் ஊற்றியல்லவா குடிக்கிறார் என்று ஞானசெல்வி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அப்ப இஞ்சி சோடாங்க?" என்று சேவுகன் விடாமல் கேட்டான்.

"இஞ்சின்னாலே இப்ப டிங்சர் ஞாபகந்தானய்யா வருது. மருந்துக் கடையில இஞ்சி டிங்சர வாங்கிக் குடிச்சுப்புட்டுத் திரியிறானுகளே, தெரியாதா ஒனக்கு? மருந்தக் குடிச்சுப் போதை ஏத்துறானுக, மானங்கெட்ட பயலுக!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஹெட்மாஸ்டர் குனிந்து எழுதினார். சேவுகன் மேற்கூரையைப் பார்த்தான். ஞானசெல்வி, "சுக்குமல்லிக் காப்பி போட்டுக்கிறலாங்க" என்றாள். அதில் புட்டியும் இல்லை, இஞ்சி என்ற பெயரும் இல்லை. நிறைவேறியது.

"நாடகத்துல குடிகாரன் ஒருத்தன் வாரானாமே?" என்றார் தலைவர்.

நாடகத்தை எழுதியவர் ஹெட்மாஸ்டர். மதுவிலக்குப் பிரசார நாடகம். தம் வாழ்நாளில் எழுதிய ஒரே நாடகம் என்பதால் அதன்மேல் அவருக்குத் தனி வாஞ்சை. "ஆமாங்க. அவன் குடிச்சுச் சீரழிஞ்சு, கடைசியில திருந்துறதுதாங்க கதை."

"மதுவே இல்லாத விழாவுல குடிகாரனுக்கு என்னங்க வேலை? அவன எடுத்துருங்க."

ஹெட்மாஸ்டர் நோட்டில் குறித்துக்கொண்டார். "எடுத்துர்றேங்க."

ஆக, குடிகாரனே இல்லாத வீட்டில் ஒரு மனைவி நாலு காட்சிக்கும் தலையிலடித்து அழவேண்டியதாயிற்று. ஏன் அழுகிறாள் என்று கேட்க அந்தக் கமிட்டியில் ஆளில்லை.

அடுத்தபடியாகப் பெண்பிள்ளைகள். இருட்டுவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தலைவர் சொன்னார். அவர்களும் அதே பரீட்சையைத்தான் எழுதினார்கள் என்று ஞானசெல்வி சொன்னாள். "எழுதட்டுமே, யாரு வேணாங்கிறா?" என்றார் அவர். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

கடைசியாக 'இரவு' என்ற சொல்லைத் தலைவர் எடுத்துக்கொண்டார்.

"டீச்சர் 'பாதுகாப்பான இரவு விழா'ன்னு எழுதியிருக்காக. நான் கேக்குறேன், பாதுகாப்புன்னா என்னங்க? வெளிச்சம். வெளிச்சம் எப்ப இருக்கும்? பகல்ல. அதுனால இரவு விழாவ மத்தியானம் நாலு மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணிக்கு முடிச்சுருவோம்."

ஹெட்மாஸ்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பிறகு, 'இரவு விழா பிற்பகல் நான்கு மணி முதல் ஆறு மணி வரை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

"ஆறு மணிக்கு முடிஞ்சா, அதுக்கு மேல பயலுக எங்கிட்டுப் போவானுங்க?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

"வீட்டுக்குப் போவான். வேற எங்க போவான்?"

"எந்தம்பியும் வீட்டுக்குப் போறேன்னுதாங்க போனான்."

ரத்தினவேல் கனைத்துக்கொண்டார். "அதுல எல்லாருக்கும் வருத்தந்தான் டீச்சர். கட்டுப்பாடு இல்லாததுனால வந்த வினை. அதுக்குத்தானே இப்ப நாம கட்டுப்பாடு பண்றோம்?"

ஆறு மணி ஏன் என்பது அந்த அறையில் நால்வருக்கும் தெரியும். தலைவர் இல்லாமல் விழா நடந்தால் தலைவருக்கு மரியாதை இல்லை. ஆறு மணிக்கு மேல் தலைவர் இருந்தால் தலைவருக்கு மருந்து இல்லை. அதனால் சூரியனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட அவர் பேனாவை எடுத்தபோது விரல்கள் லேசாக நடுங்கின. அவர் கண் வாசற்பக்கமே போய்ப்போய் வந்தது. ஞானசெல்வி அதைப் பார்த்தாள். இந்த நேரத்தில் இவர் முன்னால் எதை நீட்டினாலும் கையெழுத்து விழும் என்று அவளுக்குச் சட்டென்று தோன்றியது.

"ஒரே ஒரு வரி மட்டும் சேத்துக்கிறலாங்களா? விழா முடிஞ்சதும் பெஞ்சு நாற்காலியெல்லாம் எடுத்து அடுக்கணும், அண்டா குண்டாவக் கழுவணும். அதுக்குப் பயலுக இருக்கணுமில்லங்க?"

"இருக்கட்டும், இருக்கட்டும், நல்லா அடுக்கட்டும்" என்று கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுத் துண்டை உதறினார் தலைவர். அடுத்த நிமிஷம் அவர் செருப்புச் சத்தம் தெருவில் கேட்டது.

ஹெட்மாஸ்டர் கேட்டார்: "எத்தன மணி வரைக்கும் அடுக்குறதுன்னு எழுதட்டும் டீச்சர்?"

"வேலை முடியிற வரைக்கும்னு எழுதுங்க சார்."

"பெஞ்சு கொஞ்சந்தானே இருக்கு?"

"நம்ம பயலுக மெதுவாத்தான் சார் அடுக்குவானுங்க. விடிஞ்சுரும்."

ஹெட்மாஸ்டர் அவளையே பார்த்தார். பயந்த மனுஷர். ஆனால் நாடகம் எழுதியவர். குரலைத் தாழ்த்தி, "அப்படின்னா ஆறு மணிக்கு மேல குடிகாரனத் திரும்பச் சேத்துக்கிறலாமா டீச்சர்?" என்றார்.

வீட்டில் மரிய அந்தோணி நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தான். கண் போனபிறகு அவன் கை அந்த வேலையில் வேகமாகியிருந்தது. அதைவிட வேகமாக வாய்.

"என்னக்கா, ராத்திரி விழாவப் பகல்ல வச்சிருக்காகளாமே?"

"அதுக்குள்ள யார்றா வந்து சொன்னா?"

"சோடாக்கார அண்ணன் வயித்தெரிச்சல்ல ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. எனக்கென்ன, நான் எப்ப வந்தாலும் ராத்திரி விழாதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சு அடுக்குகிற யோசனையைச் சொன்னாள். அவன் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டான்.

"நல்ல வேலைதான். இந்தத் தடவ எவனும் தோப்புக்குப் போகப் போறதில்லக்கா. பயலுக பேசி வச்சிருக்கானுக."

"கர்த்தரே, அப்படியே இருக்கட்டும்."

"ரொம்பச் சந்தோசப்படாத. தோப்பு எதுக்கு? மருந்து பள்ளிக்கூடத்துக்கே வருதாம்."

"என்ன மருந்துடா?"

"நம்ம ஊர்ல மருந்து எத்தன இருக்கு?"

ரத்தினவேலின் மகன் முத்துராமனும் இந்த வருஷம் பரீட்சை எழுதுகிறவன். "முத்துராமனா?" என்றாள்.

"நான் பேரச் சொல்லலக்கா. சொன்னேன்னு தெரிஞ்சா அப்பறம் ஒருத்தனும் எங்கிட்ட வந்து ஒக்காந்து பேசமாட்டான். நீயாக் கேட்ட, நீயாத் தெரிஞ்சுக்கிட்ட." கடலை ஓடுகள் மறுபடி நொறுங்கின. பிறகு விளையாட்டில்லாத குரலில் சொன்னான்: "எங்களுக்கும் மொதல்ல வந்தது நல்ல சரக்குதான். அது தீந்தப்பறந்தான் கஷ்டம்."

மறுநாள் மத்தியானம், ரத்தினவேல் மில்லில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஞானசெல்வி அவர் வீட்டுக்குப் போனாள். மனைவி சொர்ணவல்லி பெரிய தாம்பாளத்தில் மிளகாய்வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. விழாவெல்லாம் ஏற்பாடாயிருச்சாமே? அவுக ரொம்பப் பெருமையாச் சொன்னாக."

"ஆயிருச்சுங்கம்மா. ஒரு விஷயந்தான் கேக்க வந்தேன். முதலாளி ஐயாவுக்குத் தினம் மருந்து எடுத்துக் குடுக்கிறது யாருங்க?"

சொர்ணவல்லியின் விரல் நின்றது. "நாந்தான். நெஞ்சுவலிங்க அவுகளுக்கு. டாக்டர் எழுதிக் குடுத்தது." பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"அதுதாங்கம்மா கேக்குறேன். பெரியவுகளுக்கு ஒரு அளவு, பிள்ளைகளுக்கு ஒரு அளவுன்னு எழுதியிருப்பாரில்ல? முத்துராமனுக்கு எம்புட்டுக் குடுக்கச் சொல்லியிருக்காரு?"

சொர்ணவல்லி நிமிர்ந்தாள். "என்ன பேச்சுப் பேசுறீங்க!"

"பரீட்சை முடியிற அன்னிக்கு மருந்து பள்ளிக்கூடத்துக்கு வருதுன்னு பயலுகளுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்மா. ஒங்களுக்குத்தான் தெரியல. எங்க வீட்டுல வந்து எந்தம்பியப் பாருங்க. அவனும் ஒரு பெரிய வீட்டு மருந்துலதான் ஆரம்பிச்சான்."

சொர்ணவல்லி குனிந்து மறுபடி இரண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளினாள். எந்தப் பெரிய வீடு என்று அவள் கேட்கவில்லை. முத்துராமனின் அண்ணன் ஒருவன் போன வருஷம் அதே வகுப்பில் இருந்தான். பரீட்சை முடிந்த கையோடு அவசரமாக மதுரைக்கு மாமன் கடைக்கு அனுப்பப்பட்டான். ஏன் என்று அப்போதும் அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"புட்டியெல்லாம் பின்கட்டு அறையில இருக்கு" என்றாள் கடைசியில். "பூட்டித்தான் வச்சிருக்கேன். ராத்திரி நான் அசந்து தூங்குறப்ப எடுத்துருவான். சாவி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும்."

"எங்கங்க இருக்கு?"

சொர்ணவல்லி இடுப்பிலிருந்து சாவியை உருவிக் கையில் வைத்துப் பார்த்தாள், இதுவரை பார்க்காத ஒரு பொருளைப் பார்ப்பதுபோல.

"எங்கிட்டத்தான். கலியாணமாகி வந்த வருஷத்துலருந்து எங்கிட்டத்தான் இருக்கு டீச்சரம்மா."

பரீட்சை முடிந்த அன்று நாலு மணிக்கு இரவு விழா வெயிலில் தொடங்கியது. அணா போய் நயா பைசா வரப்போகிறது என்று ஊர் குழம்பிக்கொண்டிருந்த சமயம். அதைவிடப் பெரிய குழப்பமாக, மனைவி வேஷம் காரணமே இல்லாமல் கதறிய நாடகத்தைக் கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. ரத்தினவேல் கழுத்தில் போட்ட மாலையோடு எழுந்து பேசினார். மது மனிதனை மிருகமாக்கும் என்றார். குடிப்பவன் பெற்ற பிள்ளைக்குத் துரோகி என்றார். வெயில் மஞ்சளானதும் பேச்சு வேகமெடுத்தது. இரண்டு பக்கத்தை ஒரே மூச்சில் தாண்டினார். மாலையைக் கழற்றக்கூட மறந்து வீட்டுக்குப் பறந்தார்.

தலைவர் போனதும் ஹெட்மாஸ்டர் எழுந்து, "பெஞ்சு அடுக்கும் பணி ஆரம்பமாகிறது" என்று அறிவித்தார். பையன்கள் பெஞ்சுகளை எடுத்து மைதானத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கினார்கள், உட்கார்ந்து பார்க்க வசதியாக. பெட்ரோமாக்ஸ் எரிந்தது. சுக்குமல்லிக் காப்பி கொதித்தது. சடுகுடுவுக்குக் கோடு போட்டார்கள். சேவுகன் தன் செலவில் ஒரு பெட்டி கோலி சோடாவை இறக்கி, "இப்ப எவன் என்ன நெனைக்கிறான்னு பாக்குறேன்" என்றான்.

வீட்டுக்குப் போன முத்துராமன் வெறுங்கையோடு திரும்பிவந்தான். "எங்கடா மாப்ள மருந்து?" என்று ஒருவன் காதைக் கடித்தான். முத்துராமன் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே பெண்பிள்ளைகள் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எலுமிச்சம்பழச் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள் அவன் அம்மா. மில்லுக்காரம்மாவே இருக்கும்போது பெண்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர்களும் இருந்தார்கள்.

சற்றைக்கெல்லாம் வாசலில் ரத்தினவேல். மாலை இன்னும் கழுத்தில் தொங்கியது. முகமெல்லாம் வேர்வை. நேரே மனைவியிடம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"சாவி."

"எந்தச் சாவிங்க?" சொர்ணவல்லி கரண்டியை நிறுத்தவில்லை.

"பின்கட்டு அறைச் சாவிடி."

"அங்க என்னங்க வேணும்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுவைப் பற்றி இப்போதுதான் ஒரு மணி நேரம் பேசிய வாய் அது. "நெஞ்சு வலிக்குது" என்றார் மெதுவாக.

"அப்ப ஒக்காருங்க. வலிச்சா நடக்கக் கூடாது." அவள் குரலை உயர்த்தினாள். "டீச்சரம்மா, இவுகளும் விடிய விடிய பிள்ளைகளோடதான் இருக்கப் போறாகளாம்!"

ஞானசெல்வி கைதட்டினாள். விஷயம் புரிந்த பையன்கள் தட்டினார்கள், புரியாதவர்களும் தட்டினார்கள். ஹெட்மாஸ்டர் ஓடிவந்து, "நமது தலைவர் அவர்கள் தம் தேக அசௌக்கியத்தையும் பாராமல்" என்று ஆரம்பித்துவிட்டார். நாற்காலி வந்தது. ரத்தினவேல் உட்கார்ந்தார். உட்காராமல் போக வழியில்லை. போனாலும் வீட்டில் பூட்டுத்தான் இருந்தது.

நாடகம் மறுபடி நடந்தது, இந்தத் தடவை குடிகாரனோடு. அந்த வேஷத்துக்கு ஆள் தேடியபோது ஞானசெல்வி, "முத்துராமா, நீ சும்மாத்தானே நிக்கிற" என்றாள். அவன் போனான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளாடி வந்து, "நெஞ்சு வலிக்குது" என்றான். அது ஹெட்மாஸ்டர் எழுதிய வசனம் அல்ல. மைதானம் வெடித்துச் சிரித்தது. சிரிக்காதவர் இருவர். சொர்ணவல்லி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தினவேல் நடுங்குகிற கையால் சுக்குமல்லிக் காப்பியை வாயருகே கொண்டுபோய்ச் சட்டையில் சிந்திக்கொண்டார். நாடகத்தில் அந்த மனைவி ஏன் அழுகிறாள் என்று கடைசியில் எல்லோருக்கும் புரிந்தது.

எந்தப் பையனும் தோப்புப் பக்கம் போகவில்லை. போதை இல்லாமல் அந்த இரவைக் கழிப்பது அவர்களில் யாருக்கும் கஷ்டமாகவும் இல்லை. அத்தனை தீர்மானங்கள் போட்டு நடத்திய அந்த மதுவில்லா விழா, கருவேலங்குடியில் குடிக்கவிடாமல் தடுத்து நிறுத்தியது ஒரே ஓர் ஆளைத்தான். அவர் நாற்காலியில் மாலையோடு இருந்தார்.

கிழக்கு வெளுத்தது. பையன்கள் சாவகாசமாகப் பெஞ்சு தூக்கினார்கள். சொர்ணவல்லி கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கணவன் முன் நின்றாள்.

"இந்தாங்க சாவி. முத்துராமனும் வாரான். அவன் கண்ணு முன்னால எடுத்துக் குடிங்க."

அவர் மகனைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். இப்போதாவது வேண்டாம் என்று சொல்லுவார் என்று ஒரு கணம் ஞானசெல்விக்குக்கூடத் தோன்றியது. அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். நடையில் ஆரம்பித்து, திருப்பம் வருவதற்குள் ஓட்டமாகிவிட்டது.

கடலைப் பொட்டலத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மரிய அந்தோணி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"பயலுக எல்லாம் இருக்கானுகளாக்கா?"

"இருக்கானுக" என்றாள் ஞானசெல்வி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் ஒரு வருஷம் காத்திருந்தாள்.

"அப்ப யாரு, செருப்பு தெறிக்க ஓடுறது?"

"கமிட்டித் தலைவரு."

அவன் ஒரு கடலையை உடைத்தான்.

"பாதுகாப்பாப் போகச் சொல்லுக்கா."